முன்னால் போகிறவரின் முதுகுவலி

மச்சான்: இப்போ எங்க இருக்கு?

அத்தான்: எது?

மச்சான்: வலி, அத்தான். வேற எதக் கேப்பேன்?

அத்தான்: ஓ, அதுவா... இருக்கு இருக்கு. இங்கதான் எங்கயோ இருக்கு.

மச்சான்: காலையில இடது பக்கம்னீங்க. இப்போ கை வலது பக்கம் போகுது.

அத்தான்: பஸ்ல வரும்போது இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஜன்னலோரம் நீ பிடிச்சுக்கிட்ட. அது என்ன பண்ணும் பாவம்.

மச்சான்: விளையாடாதீங்க. டாக்டர்கிட்ட இப்படிச் சொன்னா எழுந்து போங்கன்னுடுவாங்க.

அத்தான்: சரி, இடதுன்னே வெச்சுக்கோ. தோள்பட்டை எலும்பு இருக்கு பாரு, அதுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல. சட்டைப் பொத்தான் அளவு இடம். மூச்சை முழுசா இழுத்தா ஊசி. கழுத்த வலப்பக்கம் திருப்பினா ஊசி. தும்மினா கடப்பாரை.

மச்சான்: கையத் தூக்கித் தலை மேல வெச்சா குறையுதா?

அத்தான்: கொஞ்சம் குறையுது.

மச்சான்: அப்புறம் கைய இறக்கினதும், வட்டி போட்டு ரெண்டு மடங்கா...

அத்தான்: அதே! அதேதான்! உனக்கு எப்படிடா தெரியும்?

மச்சான்: அது... யாரோ சொன்னாங்க. கேள்விப்பட்டது.

அத்தான்: நல்லாக் கேள்விப்பட்டிருக்க. உட்காரு.

மச்சான்: உட்கார்ந்துதானே இருக்கேன்.

அத்தான்: நிக்கிற. வந்ததுலேர்ந்து ஆறு தடவை எழுந்து நின்னுட்ட. அந்தக் கதவு நிலையில முதுகத் தேய்ச்சு தேய்ச்சு பெயிண்ட் போயிடுச்சு.

மச்சான்: நாற்காலி சரியில்ல.

அத்தான்: நாற்காலி நல்லாத்தான் இருக்கு. முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்து பாரு, சொர்க்கம்.

மச்சான்: வேண்டாம். சாயாம உட்கார்றதுதான் உடம்புக்கு நல்லது.

அத்தான்: இதுவும் கேள்விப்பட்டதா?

மச்சான்: ஏழாம் நம்பர் உள்ள போய் எவ்வளவு நேரம் ஆச்சு? நமக்குப் பன்னெண்டு. இந்த வேகத்துல போனா...

அத்தான்: போகும். எங்க ஓடப்போகுது? ஆமா, இந்தத் தைல வாசனை உன்மேலயா என்மேலயா?

மச்சான்: உங்கமேலதான். வலிக்குதுன்னு தடவியிருப்பீங்க.

அத்தான்: நான் ஒண்ணும் தடவலையே.

மச்சான்: அப்போ பக்கத்துல இருக்கிற அந்தம்மா மேல.

அத்தான்: அந்தம்மா கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்திருக்கு. எலும்பு முறிஞ்சதுக்கு யாராவது தைலம் தடவுவாங்களா? சரி விடு. ஊர்ல இருக்கிற வாசனைக்கெல்லாம் நாம ஏன் சொந்தக்காரனத் தேடணும்.

மச்சான்: அத்தான்... மருந்துக் கடைக்காரர் சொன்னாரு. இந்த இடத்துல வலிச்சா பத்துக் காரணம் இருக்குமாம்.

அத்தான்: நீ எதுக்குடா மருந்துக் கடைக்குப் போன?

மச்சான்: உங்களுக்காகத்தான்! பித்தப்பையில கல்லு இருந்தாக்கூட வலி தோள்பட்டைக்குப் பின்னாலதான் வருமாம். கல்லு வயித்துல, வலி முதுகுல.

அத்தான்: உண்மை. பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருத்தர் இருந்தாரே, தெரியுமா? அவருக்கு அதுதான். எண்ணெயில பொரிச்சத ஒரு வாய் தின்னா போதும், வலது தோள்பட்டைக்குக் கீழ பிடிச்சுக்கும். ஆபரேஷன் பண்ணிக் கல்ல எடுத்துக் கையில குடுத்தாங்க. அவரு அதக் கடையில காகிதம் பறக்காம இருக்க வெச்சாரு. ஒரு நாள் சாவி தொலைச்சவன் ஒருத்தன் வந்தான். அந்தக் கல்லப் பார்த்துட்டு, இது என்ன ரத்தினம்னு கேட்டான்.

மச்சான்: அத்தான்.

அத்தான்: இவரு பொய் சொல்லாத மனுஷன். "இது எனக்குள்ளேயே விளைஞ்சது"ன்னாரு. அவன் கால்ல விழுந்துட்டான்.

மச்சான்: அத்தான், போதும்.

அத்தான்: இப்போ பூட்டுக் கடைய மூடிட்டு மனுஷன் ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம்.

மச்சான்: உங்களுக்குக் கல்லா இருக்குமான்னு கேட்டா...

அத்தான்: எனக்கு எண்ணெய்ப் பண்டம் எதுவும் பண்ணாது. நேத்துகூட ஒரு கை பார்த்தேன். அடுத்ததச் சொல்லு.

மச்சான்: கழுத்து எலும்பு தேய்ஞ்சு நரம்ப அழுத்தினாலும் அங்கதான் வலிக்குமாம். விரல் நுனி மரத்துப்போகும்னாரு.

அத்தான்: கழுத்தா... வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு அது. குனிஞ்சே முப்பது வருஷம். ஒரு கண்ணுல அந்தக் குழாய் கண்ணாடி, இன்னொரு கண்ணு மூடியிருக்கும். முதுகுல ஈட்டி பாய்ஞ்ச மாதிரி வலி. டாக்டரு கழுத்துல பட்டை ஒண்ணக் கட்டி நிமிர்த்திவிட்டாரு. நிமிர்ந்து பார்த்தா தன் கடைக்கு மேல ஒரு மாடி இருக்கு!

மச்சான்: அது அவருக்குத் தெரியாதாக்கும்.

அத்தான்: எப்படித் தெரியும்? முப்பது வருஷத்துல தலையத் தூக்கினாத்தானே. மாடியில ஒரு குடும்பம் வேற. ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்து, பேரன் பேத்தி எடுத்து, துணி காயப்போட்டுக்கிட்டிருக்கு. அதுக்கு மேல ஆகாசம் ஒண்ணு. பாவம், ஒரு வாரம் கடை திறக்கல.

மச்சான்: உங்களுக்கு விரல் மரத்துப்போகுதா இல்லையா?

அத்தான்: உனக்கு?

மச்சான்: எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் மரத்துப்போகல. நல்லாத்தான் இருக்கு... பாருங்க, மடக்கறேன், நீட்டறேன்.

அத்தான்: நல்லது. அப்போ கழுத்து இல்ல.

மச்சான்: உங்களுக்குத்தானே பார்க்கறோம்!

அத்தான்: எனக்குத்தான், எனக்குத்தான். கத்தாத, எதிர்ல தூங்குற குழந்தை முழிச்சுக்கும். அடுத்தது?

மச்சான்: அக்கி. முதல்ல வெறும் வலி. நாலு நாள் கழிச்சுக் கொப்புளம் வரிசையா வரும்.

அத்தான்: தபால்காரருக்கு வந்துச்சு. அவரு தபால் போடுற தெரு வரிசையிலயே வந்துச்சு. முதுகுல ஆரம்பிச்சு விலாவைச் சுத்தி, வீட்டுக்கு ஒரு கொப்புளம். அவரு சம்சாரம் எண்ணிப் பார்த்துட்டு, ஒண்ணு குறையுதேன்னா. "அந்த வீட்ல நாய் இருக்கு, நான் உள்ள போறதில்ல"ன்னாராம்.

மச்சான்: வாயத் திறந்தா...

அத்தான்: நீதானே கேட்ட. முதுகக் காட்டு, கொப்புளம் இருக்கான்னு பார்க்கறேன்.

மச்சான்: என் முதுக எதுக்கு?

அத்தான்: அட, தவறி வந்துடுச்சு. என் முதுக நீ பாரு.

மச்சான்: வீட்லயே பார்த்தேன். ஒண்ணுமில்ல.

அத்தான்: அப்போ அக்கியும் இல்ல. இன்னும் என்ன சொன்னாரு உன் மருந்துக் கடைக்காரரு?

மச்சான்: நுரையீரல்ல சளி கட்டினா. விலா எலும்பு மூட்டு பிசகினா. தலையணை சரியில்லாம தூங்கினா...

அத்தான்: நீ பத்துன்னு சொன்ன. விரல்ல எண்ணிக்கிட்டு வரேன். ஒண்ணத் தாண்டித் தாண்டிப் போற.

மச்சான்: எதத் தாண்டறேன்?

அத்தான்: உனக்கே தெரியும். சொல்லுடா.

மச்சான்: நெஞ்சு. இடது பக்கம்னா... நெஞ்சு.

அத்தான்: ம்.

மச்சான்: அப்பாவுக்கும் முதுகுலதானே ஆரம்பிச்சுது.

அத்தான்: ஆமா.

மச்சான்: பிடிப்பு பிடிப்புன்னுக்கிட்டு சுவத்துல சாய்ஞ்சு நின்னாரு. எனக்கு இன்னும் அந்தச் சுவரு கண்ணுல நிக்குது.

அத்தான்: மாமா ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. மூணாம் நாள் சொல்றதுக்கு ஆள் இல்ல. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா...

மச்சான்: போயிருந்தா நெஞ்சுன்னு சொல்லியிருப்பாங்க. தெரியாம போனாரு. அதுவும் ஒரு நிம்மதிதான்.

அத்தான்: அப்படியா நினைக்கிற?

மச்சான்: நான் என்ன நினைச்சா என்ன! உங்களுக்கு நெஞ்சா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். பத்தாம் நம்பர் போயாச்சா?

அத்தான்: போயாச்சு, பதினொண்ணு உள்ள. உட்காரு. நீ நடந்து நடந்து தரை தேயுது.

மச்சான்: நாளைக்கு வேலை வேற. துணிக்கடை முகப்பு. எட்டடி ஷீட்டு. பெரிய கண்ணாடி அது, நீங்க தூக்கக் கூடாதுன்னுட்டா என்ன பண்றது?

அத்தான்: வேற ஆளக் கூட்டிக்கோ. மரக்கடையில ரெண்டு பேர் சும்மாதான் இருக்காங்க.

மச்சான்: கூட்டிக்க மாட்டேன்.

அத்தான்: ஏன்?

மச்சான்: இருபத்திரண்டு வருஷமா உங்க பிடரியப் பார்த்தே நடந்து பழகிட்டேன். வேற பிடரியப் பார்த்தா எனக்கு வழி தெரியாது.

அத்தான்: அழகான பிடரிதான். உங்க அக்காகூட ஒரு தடவை சொன்னா.

மச்சான்: அக்கா என்னைக்கு அப்படியெல்லாம் சொல்லுச்சு.

அத்தான்: கல்யாணமான புதுசுல. அப்போ நீ அரைக்கால் சட்டை. ஆமா, பிடரின்னதும் ஞாபகம் வருது. இந்தச் செருப்பப் பாரு. மூணு மாசத்துல ரெண்டாவது ஜோடி. ரெண்டுலயும் குதிகால் வார்தான் அறுந்திருக்கு.

மச்சான்: மட்டமான செருப்பு.

அத்தான்: செருப்பு நல்ல செருப்பு. பின்னால வர்றவன் கால்தான் மிதிக்குது. முன்னெல்லாம் நாம கண்ணாடியத் தூக்கினா, உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் குடை பிடிச்சுக்கிட்டு நடக்கலாம். இப்போ உன் மூச்சு என் கழுத்துல படுது.

மச்சான்: தெருவுல கூட்டம் அத்தான். ஒட்டி நடக்க வேண்டியிருக்கு.

அத்தான்: படிக்கட்டுலயுமா கூட்டம்?

மச்சான்: படிக்கட்டுல... அது சின்னப் படி. உங்க போன் அடிக்குது பாருங்க.

அத்தான்: அட ஆமா. உங்க அக்காதான்... ஹலோ... வந்துட்டோம்... உட்கார்ந்திருக்கான்... இல்ல, இப்போ நிக்கிறான்... இன்னும் இல்ல... இல்ல, சந்தேகப்படல... சரி, வை வை.

மச்சான்: யாரு சந்தேகப்படல?

அத்தான்: டாக்டரு.

மச்சான்: இன்னும் டாக்டரப் பார்க்கவே இல்லையே!

அத்தான்: அதனாலதான் இன்னும் சந்தேகப்படல.

மச்சான்: 'உட்கார்ந்திருக்கான்'னு சொன்னது யார?

அத்தான்: அந்த மூலையில இருக்கிறானே, ஒல்லியா ஒருத்தன். உங்க அக்காவுக்கு எல்லார் மேலயும் அக்கறை.

மச்சான்: உங்களோட... பன்னெண்டு! பன்னெண்டு கூப்பிட்டுட்டாங்க! எழுந்திரிங்க. மெதுவா, மெதுவா. கையக் குடுங்க. இழுக்காதீங்க, வலிக்கும்.

அத்தான்: யாருக்கு?

மச்சான்: உங்களுக்குத்தான்! வாங்க.

டாக்டர்: வாங்க. யாருக்குப் பார்க்கணும்?

மச்சான்: அத்தானுக்கு டாக்டர்.

டாக்டர்: சீட்டுல வயசு நாற்பத்தேழுன்னு இருக்கு.

மச்சான்: நாற்பத்தேழா? அத்தான், உங்களுக்கு அறுபது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. நாற்பத்தேழு என் வயசு.

அத்தான்: வலி வந்ததும் கணக்குத் தப்பிடுச்சு டாக்டரம்மா. மனசுல நாற்பத்தேழுதான்.

டாக்டர்: சரி. எங்க வலிக்குது?

மச்சான்: இடது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் டாக்டர். பொத்தான் அளவு இடம். மூச்சை இழுத்தாக் குத்தும். படுத்தா அந்தப் பக்கம் திரும்ப முடியாது. விடிகாலையில எழுந்து உட்கார்ந்துக்கணும். தலைகாணிய மடிச்சு மடியில வெச்சு, அது மேல கவுந்து...

டாக்டர்: இவருக்கு வலிக்கிறது உங்களுக்கு இவ்வளவு விவரமாத் தெரியுதே.

மச்சான்: ஒரே வேலை பார்க்கறோம் டாக்டர்.

டாக்டர்: சட்டையக் கழட்டுங்க பெரியவரே. திரும்பி உட்காருங்க.

அத்தான்: ஐயோ! அம்மா!

டாக்டர்: நான் இன்னும் கை வைக்கவே இல்லையே.

அத்தான்: வெப்பீங்கன்னு நினைச்சேன்.

டாக்டர்: இங்க வலிக்குதா?

அத்தான்: இல்ல... ஆமா.

டாக்டர்: இங்க?

அத்தான்: மச்சான், இங்கயாடா?

மச்சான்: இன்னும் கொஞ்சம் கீழ.

அத்தான்: இன்னும் கொஞ்சம் கீழ டாக்டரம்மா.

டாக்டர்: ...உங்க ரெண்டு பேருக்கும் என்ன வேலை?

மச்சான்: கண்ணாடி தூக்கறது. கடை முகப்பு, ஜன்னல், பெரிய பெரிய ஷீட்டு. பட்டறையிலேர்ந்து எடுத்து, கொண்டு போய்ப் பொருத்தறது வரைக்கும் நாங்கதான். வண்டியில ஏத்த முடியாத சந்துக்குக் கையிலதான் போகும். அத்தான் முன்னால, நான் பின்னால.

டாக்டர்: எப்படித் தூக்குவீங்க? காட்டுங்க. அதோ அந்த மறைப்புத் தட்டி இருக்கு, அதக் கண்ணாடின்னு நினைச்சுக்கோங்க.

மச்சான்: அத்தானுக்கு வலிக்கும் டாக்டர்.

அத்தான்: பரவாயில்ல, தூக்குவோம். நம்ம கண்ணாடி எப்பவும் இடப்பக்கம் டாக்டரம்மா. இடது கை அடியில, வலது கை குறுக்கால வந்து மேல. அவனவன் ஓரத்துலேர்ந்து ரெண்டு சாண் உள்ள தள்ளிப் பிடிக்கணும். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. நான் சொல்லிக் குடுத்த கணக்கு. பிடிச்சியா?

மச்சான்: பிடிச்சேன்.

அத்தான்: ஒண்ணு... ரெண்டு... தூக்கு.

மச்சான்: ஸ்ஸ்ஸ்...

டாக்டர்: என்ன ஆச்சு?

மச்சான்: ஒண்ணுமில்ல டாக்டர். தட்டி ஓரம் கீறிடுச்சு.

டாக்டர்: தட்டி ஓரத்துல துணிதான் இருக்கு. அப்படியே நில்லுங்க. முன்னால இருக்கறவர் ரெண்டு சாண் உள்ள பிடிச்சிருக்காரு. நீங்க நாலு சாண் உள்ள வந்திருக்கீங்களே.

மச்சான்: பழக்கம்.

டாக்டர்: நடுவுக்கு யார் கிட்ட இருக்காங்களோ அவங்க மேலதானே பாரம் விழும்? எத்தனை நாளா இப்படிப் பிடிக்கிறீங்க?

மச்சான்: நாளெல்லாம் எண்ணல டாக்டர், சில மாசம் இருக்கும். படி ஏறும்போது இவருக்கு மூச்சு வாங்குச்சு. அறுபது ஆகப்போகுதேன்னு... ஒரு நாள் ஒரு சாண். அப்புறம் இன்னொண்ணு. சொன்னா தர மாட்டாரு. கண்ணாடி தூக்கும்போது முன்னால போறவரு திரும்பிப் பார்க்க முடியாது. அவருக்குத் தெரியாது.

டாக்டர்: தட்டிய இறக்குங்க. சட்டையக் கழட்டுங்க.

மச்சான்: நானா? அத்தானுக்குத்தான்...

டாக்டர்: நீங்கதான்.

மச்சான்: வேண்டாம் டாக்டர். எனக்கு ஒண்ணுமில்ல. நாங்க நாளைக்கு வரோம். நாளைக்குக்கூட வேலை இருக்கு, அதுக்கு மறுநாள்...

அத்தான்: கழட்டுடா.

மச்சான்: அத்தான், நீங்க சும்மா இருங்க.

அத்தான்: கால் விரல் உடைஞ்சு ஒன்பது நாள் ஷூவக் கழட்டாம நடந்தவன்தானே நீ? சட்டையவாவது கழட்டு.

டாக்டர்: இந்த இடமா?

மச்சான்: ஆ!

டாக்டர்: நெஞ்சுல வலி இருக்கா? வேர்க்குதா? இடது கையில இறங்குதா?

மச்சான்: இல்ல... தெரியல. ஒரு தடவை வேர்த்துச்சு. வெயிலா இருக்கும்.

டாக்டர்: படுங்க. ஒரு ஈசிஜி எடுத்துடுவோம்.

மச்சான்: வேண்டாம் டாக்டர். எங்க அப்பாவுக்கு நெஞ்சு இப்படித்தான்...

அத்தான்: படு.

மச்சான்: அத்தான்...

அத்தான்: இங்கதான் நிக்கிறேன். படு.

டாக்டர்: ஆடாம இருங்க. பேச வேண்டாம்.

மச்சான்: ஜில்லுன்னு இருக்கு.

டாக்டர்: பேச வேண்டாம்னு சொன்னேன்.

மச்சான்: அத்தான், நான் பேசல, நீங்க பேசுங்க. ஏதாவது கதை சொல்லுங்க. அந்தத் தபால்காரர்... அந்த நாய்...

அத்தான்: எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலடா.

டாக்டர்: ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க... மூச்சு சாதாரணமா விடுங்க... ஆச்சு.

அத்தான்: டாக்டரம்மா.

டாக்டர்: இருங்க, பார்க்கறேன்.

அத்தான்: காகிதம் இவ்வளவு நீளமா வருதே, நீளமா வந்தா கெட்டதா?

டாக்டர்: எல்லாருக்கும் இதே நீளம்தான் பெரியவரே. உட்காருங்க, காகிதத்த விடுங்க... ஈசிஜி நல்லா இருக்கு.

அத்தான்: நல்லா இருக்குன்னா?

டாக்டர்: நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு. அழுத்தின இடத்துல வலிக்குது, பாரம் தூக்கினா வலிக்குது, கழுத்தத் திருப்பினா வலிக்குது. தசைதான். தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல இருக்கிற தசை, நாலு சாண் பாரத்த இழுத்து இழுத்துப் பிய்ஞ்சிருக்கு. ஆனா அப்பாவுக்கு இருந்திருக்கு, இவரு மாசக்கணக்கா மறைச்சிருக்காரு. அதனால ஒரு ரத்தப் பரிசோதனை, கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரே. நெஞ்சு அடைக்கிற மாதிரி, வேர்க்கிற மாதிரி இருந்தா எந்த நேரமா இருந்தாலும் உடனே வந்துடணும். கேள்விப்பட்ட மருந்தெல்லாம் வாங்கித் தின்னக் கூடாது.

மச்சான்: அப்போ... நெஞ்சு இல்லையா?

டாக்டர்: இப்போ பார்த்தவரைக்கும் இல்ல. மூணு வாரம் எதையும் தூக்கக் கூடாது.

மச்சான்: மூணு வாரமா! நாளைக்கு எட்டடி ஷீட்டு இருக்கு டாக்டர். துணிக்கடைக்காரரு காலையில கதவத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பாரு.

அத்தான்: நிக்க மாட்டாரு. முகப்புல பலகை அடிச்சுட்டாரு. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன்.

மச்சான்: எப்போ சொன்னீங்க?

அத்தான்: போன வாரம்.

மச்சான்: போன வாரமா? உங்களுக்கு வலி வந்ததே நேத்துதானே?

அத்தான்: ஆமா.

மச்சான்: வலி நேத்து. வேலையத் தள்ளினது போன வாரம்.

அத்தான்: ஆமா.

டாக்டர்: பெரியவரே, உங்க முதுகு பிறந்த குழந்தை முதுகு மாதிரி இருக்கு. எங்க தொட்டாலும் இவரப் பார்த்துட்டுத்தான் ஆ-ங்கறீங்க. அடுத்த தடவை சீட்டுல வயசோட ஆளையும் சரியா எழுதுங்க.

மச்சான்: அத்தான்... அப்போ உங்களுக்கு வலியே இல்லையா?

அத்தான்: குதிகால்ல கொஞ்சம் இருக்கு.

மச்சான்: நேரடியா என்கிட்ட கேட்டிருக்கலாமே!

அத்தான்: கேட்டா சொல்லுவியா? மாமா சொன்னாரா? எனக்குன்னு சொன்னா அந்தத் தெருக்கோடியிலேர்ந்து என்னை முதுகுலயே தூக்கிட்டு வந்துடுவ. உனக்குன்னு சொன்னா வாசப்படி தாண்ட மாட்ட.

மச்சான்: ஆனா எப்படித் தெரிஞ்சுது? நீங்க முன்னால போறீங்க. ரெண்டு கையும் கண்ணாடியில. ஒரு நாளும் திரும்பினதே இல்ல. நான் ஒரு சத்தம்கூடப் போட்டதில்ல.

அத்தான்: போன மாசம் முடிவெட்டுற கடைக்கு ஒண்ணு கொண்டு போனோமே, ஞாபகம் இருக்கா? எல்லா நாளும் போல அதுவும் ஜன்னலுக்குப் போறதுன்னு நினைச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, மூச்சு இழுக்கும்போதெல்லாம் இடது தோள்பட்டையச் சுருக்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி ஓட ஓட, நாலு சாண் உள்ள கைய வெச்சுக்கிட்டு வந்தியே... அது முகம் பார்க்கிற கண்ணாடிடா மச்சான். இடப்பக்கம் கண்ண ஓட்டினா போதும், நான் ஏன் திரும்பணும்? தெருக்கோடி வரைக்கும் உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டேதான் நடந்தேன்.